தாது வருஷப் பஞ்சமும் சூரியன் சுழலும் கணக்கும்

2024ஆம் ஆண்டு மே மாதத்தின் இரண்டாவது வாரம். சேலம், நாமக்கல் பக்கம் கத்தரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். அப்போது சூரியனின் முகத்தில் பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று தெரிந்தது. அகலத்தில் நம் பூமியைப் போல ஏறத்தாழப் பதினைந்து மடங்கு. கிரகணம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தவர்களுக்குத் தொலைநோக்கி இல்லாமலேயே அது புலப்பட்டது. வானியலாளர்கள் அதற்கு இட்ட எண் 3664. அதிலிருந்து வெடித்துக் கிளம்பிய வெப்பத் துகள்களின் புயல் மே 10, 11 தேதிகளில் பூமியை மோதியது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள கேமராக்களில் வானம் சிவந்து தெரிந்தது.

சில நாட்களில் அந்தக் கூட்டம் சூரியனின் மேற்கு விளிம்பைத் தொட்டு, மறைந்துபோனது. அழிந்துவிடவில்லை, நமக்குத் தெரியாத பின்பக்கத்துக்குப் போயிருந்தது. மே மாதக் கடைசியில் கிழக்கு விளிம்பில் மறுபடியும் எட்டிப் பார்த்தது. இந்த முறை அதற்கு 3697 என்று புது எண் கொடுத்தார்கள். போனதும் வந்ததும் ஒரே புள்ளிக் கூட்டம்தான். சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது? கேள்வி எளியது. ஆனால், அதற்குத் துல்லியமான விடை தேடியவர்களின் கதையில் சேலம் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அது துயரமான பங்கு.

இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்று சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். 1876இல் மழை பொய்த்தது. மக்கள் நினைவில் தாது வருஷப் பஞ்சம் என்று நின்றுவிட்ட அந்தக் கொடுமை 1878 வரை நீடித்தது. சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த அதன் மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகச் சுருங்கியது. பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய கூட்டத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. பலர் இறந்தார்கள், பலர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போனார்கள்.

மழை ஏன் பொய்த்தது என்று அன்றைய அறிஞர்கள் காரணம் தேடினார்கள். சூரியப் புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைவது அதற்குள் தெரிந்திருந்தது. பஞ்சம் வந்த காலம், புள்ளிகள் மிகக் குறைவாக இருந்த காலம். சென்னையின் மழைக் கணக்கையும் புள்ளிக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்த நார்மன் லாக்கியர், வில்லியம் ஹன்டர் என்ற இருவர், புள்ளிகளுக்கும் பஞ்சத்துக்கும் தொடர்பு உண்டு என்று 1877இல் கட்டுரை எழுதினார்கள். சூரியனை நாள் தவறாமல் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை அரசு வட்டாரத்தில் பரவியது. இந்தியாவில் ஒரு சூரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து வலுப்பெற்றது.

இடம் தேடும் பொறுப்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த சார்லஸ் மிச்சி ஸ்மித்திடம் வந்தது. நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்த பின் கொடைக்கானல் முடிவாயிற்று. கடல் மட்டத்துக்கு மேலே 2,343 மீட்டர். தூசி குறைந்த காற்று. 1895இல் சென்னை ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1792 முதல் சென்னையில் இயங்கிவந்த பழைய வானாய்வுக்கூடத்தின் பணி 1899இல் மலைக்கு ஏறியது. 1904 முதல் அங்கே சூரியனைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். சூரியனின் உருவம் 20 சென்டிமீட்டர் குறுக்களவில் கண்ணாடித் தகட்டில் பதியும். வானம் திறந்திருக்கும் காலைகளில் எல்லாம் ஒரு தகடு. இரண்டு உலகப் போர்கள், சுதந்திரம், தலைமை மாற்றங்கள் என்று என்ன நடந்தாலும் அந்த வேலை தொடர்ந்து வந்திருக்கிறது.

பஞ்சத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், மழைக் கணக்குகளைச் சலித்துப் பார்த்துவிட்டு, புள்ளிகளை நம்பிப் பருவமழையைக் கணிக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். 1876 வறட்சிக்குப் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ நிகழ்வே பெரிய காரணம் என்று இன்று அறிகிறோம். ஆனால், பஞ்சத்துக்காகத் தொடங்கிய அந்தப் படக் குவியல், யாரும் முதலில் நினைத்திராத ஒரு பயனைத் தந்தது. சூரியன் எப்படிச் சுழல்கிறது என்பதை நூற்றாண்டுக் கணக்கில் அளக்க உலகில் உள்ள மிகச் சில நீண்ட பதிவுகளில் அதுவும் ஒன்றாயிற்று.

சுழற்சியைக் கண்டதே புள்ளிகளால்தான். தொலைநோக்கி வந்த சில ஆண்டுகளிலேயே, 1611இல், யோகானஸ் ஃபாப்ரிசியுஸ் என்ற ஜெர்மானியர் புள்ளிகள் நகர்வதை எழுதி வெளியிட்டார். புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்களாக இருக்கலாம் என்று கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற பாதிரியார் வாதிட்டார். கலிலியோ அதை மறுத்தார். வட்டத்தின் நடுவில் அகலமாகத் தெரியும் புள்ளி, விளிம்பை நெருங்கும்போது ஒடுங்குகிறது. நடுவில் வேகமாக நகர்வது விளிம்பில் மெதுவாகிறது. உருண்டையின் மேற்பரப்போடு ஒட்டிச் சுழலும் ஒன்றுதான் இப்படித் தெரியும் என்பது அவர் வாதம். ஷைனரும் பிறகு அதை ஏற்றார். 1630இல் முடித்த தம் பெரிய நூலில், நடுக்கோட்டுக்குத் தள்ளியிருக்கும் புள்ளிகள் சற்று மெதுவாகச் சுற்றுகின்றன என்று குறித்துவைத்தார்.

அந்தக் குறிப்பின் முழுப் பொருளும் விளங்க இரண்டு நூற்றாண்டு ஆனது. இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் ரிச்சர்ட் கேரிங்டன் என்ற தனி மனிதர் 1853 முதல் 1861 வரை, வெயில் கிடைத்த நாளெல்லாம் புள்ளிகளின் இடத்தை அளந்தார். அவருடைய அப்பா மதுவடிப்பாலை வைத்திருந்தார்; அப்பா இறந்த பின் ஆலையைப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் இந்த வேலை நின்றது. 1863இல் வந்த அவருடைய நூல் ஒன்றைத் தீர்மானமாகச் சொன்னது: சூரியனுக்கு ஒரே சுழற்சி வேகம் கிடையாது.

குயவரின் சக்கரத்தில் நடுவிலிருக்கும் மண்ணும் ஓரத்திலிருக்கும் மண்ணும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். பூமியும் அப்படித்தான், சேலமும் சைபீரியாவும் ஒரே நாளில் ஒரு சுற்று வருகின்றன. சூரியன் திடப்பொருள் இல்லை, கொதிக்கும் வாயு. அதன் நடுக்கோட்டுப் பகுதி முந்திக்கொண்டு ஓடுகிறது. துருவங்களை நோக்கிப் போகப் போகப் பின்தங்குகிறது. நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்குச் சுமார் 25 நாள். 30 பாகை அட்சத்தில் 26 நாளுக்குச் சற்று மேலே. துருவத்தை ஒட்டிப் புள்ளிகளே தோன்றுவதில்லை. அங்கே ஒளியின் நிறமாலையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அங்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 35 நாள் ஆகிறது.

கேரிங்டன் தொடங்கிவைத்த ஒரு வழக்கம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1853 நவம்பர் 9ஐத் தொடக்கமாக வைத்து, பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண் போடுகிறார்கள். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 27.2753 நாள். 2025ஆம் ஆண்டின் நடுவில் அந்த எண் 2,300ஐ எட்டியது.

கொடைக்கானல் தகடுகள் இந்தக் கணக்கில் இரண்டு முறை பெரிதாக உதவின. முதலில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கே. ஆர். சிவராமன், எஸ். எஸ். குப்தா ஆகியோரும் அமெரிக்காவின் ராபர்ட் ஹோவர்டும் சேர்ந்து 1906 முதல் 1987 வரையிலான படங்களில் ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் அளந்தார்கள். எண்பது ஆண்டுத் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் குறிக்கும் வேலை. கலிபோர்னியாவின் மவுன்ட் வில்சன் ஆய்வுக்கூடத்திலும் அதே போன்ற நெடுங்காலப் படங்கள் இருந்தன. கொடைக்கானலில் பகலாக இருக்கும்போது கலிபோர்னியாவில் இரவு. ஆகவே ஒரே புள்ளியை இரு இடங்களிலும் மாறி மாறிப் பின்தொடர முடிந்தது.

அடுத்து, தகடுகள் எல்லாம் கணினிப் படங்களாக மாற்றப்பட்டன. நைனிடாலின் ஆரியபட்டா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிபூதி குமார் ஜாவும் உடன் ஆய்வாளர்களும் 1923 முதல் 2011 வரையிலான படங்களைக் கணினி நிரல் கொண்டு அலசினார்கள். ஒரு நாள் படத்தில் உள்ள புள்ளியை மறுநாள் படத்தில் நிரலே தேடிப் பிடித்து, அது எத்தனை பாகை நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடும். 2021இல் வெளியான அந்த ஆய்வின்படி, நடுக்கோட்டில் சூரியன் ஒரு நாளைக்கு 14.381 பாகை சுழல்கிறது. 360ஐ அதால் வகுத்தால் 25 நாள் வரும். சூரியனின் குறுக்களவு 13.9 லட்சம் கிலோமீட்டர். அந்த உடம்போடு 25 நாளில் சுற்றவேண்டும் என்றால் நடுக்கோட்டில் மணிக்கு ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பூமியின் நடுக்கோட்டு வேகம் மணிக்கு 1,670 கிலோமீட்டர்தான்.

அந்த ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னது. பெரிய புள்ளிகள் சிறிய புள்ளிகளைவிட மெதுவாகச் சுற்றுகின்றன. இங்கே பெரிது என்பது சுமார் 120 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு. பூமியின் நிலமும் கடலும் சேர்ந்தே 51 கோடிதான். இரண்டாவது, புள்ளிகள் நிறைந்த ஆண்டுகளிலும் குறைந்த ஆண்டுகளிலும் சுழற்சி வேகத்தில் மாற்றம் காணப்படவில்லை. ஒன்பது பத்தாண்டுகளின் பதிவு கையில் இருந்ததால்தான் இப்படி ஒரு முடிவைத் துணிந்து சொல்ல முடிந்தது.

இந்த வேக வேறுபாட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கரும்புள்ளி என்பது காந்தப்புலம் மிகக் கடுமையாகத் திரண்ட இடம். 1908இல் ஜார்ஜ் ஹேல் என்ற வானியலாளர் அதை நிறுவினார். காந்த வலு அடியிலிருந்து வரும் வெப்ப ஓட்டத்தைத் தடுப்பதால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து, கருப்பாகத் தெரிகிறது. குளிர்ச்சி என்றாலும் அங்கே சுமார் 4,000 கெல்வின், சுற்றிலும் 5,800. சூரியனுக்குள் வடக்கும் தெற்குமாகக் கிடக்கும் காந்தக் கோடுகளை, நடுக்கோடு முந்தியும் துருவம் பிந்தியும் ஓடும் இந்தச் சுழற்சி, கிழக்கு மேற்காக இழுத்து முறுக்கி வலுவேற்றுகிறது. அப்படி வலுவேறிய காந்தம் மேலே கிளம்பும் இடங்களில் புள்ளி தோன்றுகிறது. 11 ஆண்டு ஏற்ற இறக்கத்துக்கு அடிப்படையே இதுதான் என்று சூரிய இயற்பியல் கருதுகிறது. செயற்கைக்கோள்களையும் மின்கம்பித் தொகுப்புகளையும் பாதிக்கும் சூரியப் புயல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்டு, தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்1 விண்கலம் சூரியனை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான்.

கொடைக்கானலிலேயே 1909 ஜனவரியில் இன்னொரு கண்டுபிடிப்பு நடந்தது. கரும்புள்ளியின் சாம்பல் நிற ஓரப்பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டறிந்தார். உலகம் முழுக்க அது எவர்ஷெட் விளைவு என்றே பாடநூல்களில் இருக்கிறது.

இவ்வளவும் பெரிய ஆய்வுக்கூடங்களின் கதை. ஆனால், கேரிங்டன் செய்ததைச் சேலத்தில் ஒரு பள்ளி மொட்டை மாடியிலோ நாமக்கல்லில் ஒரு வீட்டு முற்றத்திலோ செய்து பார்க்க முடியும். ஆத்தூர்ப் பக்கம் களத்தில் ஜவ்வரிசி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும், டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை இந்தச் சமவெளியில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. இந்த அளவீட்டுக்கு முதல் தேவையே தொடர்ந்து கிடைக்கும் தெளிவான காலைகள்தான்.

முதலில் எச்சரிக்கை. தொலைநோக்கி வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ சூரியனை ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது. நொடிப்பொழுதில் பார்வை போய்விடும். எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, இரண்டு மூன்று கூலிங்கிளாஸ் என்று நம் ஊரில் கிரகண நாட்களில் புழங்கும் எதுவும் பாதுகாப்பானது அல்ல. கண்ணுக்கு வேலை கொடுக்காத வழி, உருவத்தைத் தாளில் வீழ்த்துவது. கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட முறை அது.

60 அல்லது 70 மில்லிமீட்டர் முன்வில்லை உள்ள சிறிய தொலைநோக்கி போதும். குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கியை மூடிவிட வேண்டும். தரையில் விழும் நிழல் மிகச் சிறிதாகும்வரை குழாயைத் திருப்பினால் அது சூரியனை நோக்கிவிடும். கண்வில்லைக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் வெள்ளைத் தாள் பிடித்தால் பிரகாசமான வட்டம் விழும். 15 சென்டிமீட்டர் குறுக்களவில் முன்பே வட்டம் வரைந்த தாளில் அந்த உருவத்தைப் பொருத்தி, புள்ளிகளைப் பென்சிலால் குறிக்க வேண்டும். தொலைநோக்கியை அசைக்காமல் விட்டால் உருவம் தாளை விட்டு நகரும். அது நகரும் திசையே மேற்கு. அதையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தேதி, மணி இரண்டும் கட்டாயம். தரை சூடேறிக் காற்று அலைபாயத் தொடங்குவதற்கு முன், காலை எட்டு முதல் பத்து மணிக்குள் தினமும் ஒரே நேரத்தில் செய்வது நல்லது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் பிள்ளைகளிடம் கருவியை விட்டுவிடக் கூடாது. வேலை முடிந்ததும் முன்வில்லையை மூடிவிட வேண்டும்.

நாலைந்து நாள் தாள்கள் சேர்ந்ததும், மேற்குக் குறிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே புள்ளி நடந்த பாதையைக் கோடாக இணைக்கலாம். டிசம்பர் முதல் வாரத்திலும் ஜூன் முதல் வாரத்திலும் அந்தப் பாதை நேர்கோடாக இருக்கும். சூரியனின் அச்சு அப்போது நம்மை நோக்கியோ விலகியோ சாய்ந்திருப்பதில்லை. மார்ச், செப்டம்பர் தொடக்கத்தில் அதிகபட்சமாக 7.25 பாகை சாய்வு இருப்பதால் பாதை லேசாக வளையும். கோட்டை இரு விளிம்புவரை நீட்டி, அதன் நடுவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. வட்டத்தின் ஆரம் 75 மில்லிமீட்டர். புள்ளி நடுக்கோட்டை ஒட்டியே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் நடுவிலிருந்து 37.5 மில்லிமீட்டர் கிழக்கே இருந்தது. 37.5ஐ 75ஆல் வகுத்தால் 0.5, சைன் அட்டவணையில் அது 30 பாகை. சரியாக மூன்று நாள் கழித்து அதே புள்ளி நடுவிலிருந்து 13 மில்லிமீட்டர் மேற்கே இருக்கிறது. 13ஐ 75ஆல் வகுத்தால் 0.173, அது 10 பாகை. ஆக, மூன்று நாளில் 40 பாகை. அப்படியானால் 360 பாகைக்கு 27 நாள்.

கொடைக்கானல் சொல்வது 25. நம் தாள் சொல்வது 27. தவறு எதுவும் இல்லை. சூரியன் ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமியும் தன் பாதையில் அதே திசையில் முன்னே போய்விடுகிறது; புள்ளி நமக்கு நேரே வர இன்னும் இரண்டு நாள் ஓட வேண்டியிருக்கிறது. 27ஐ 365.25ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையான 392.25ஆல் வகுத்தால் 25.14 நாள் கிடைக்கும். சூரியனின் உண்மையான சுழற்சிக் காலம் அதுதான். நடுக்கோட்டுக்கு அருகில் ஒரு புள்ளி, 25 அல்லது 30 பாகை தள்ளி இன்னொரு புள்ளி என்று இரண்டும் ஒரே சமயத்தில் கிடைத்தால், ஷைனரும் கேரிங்டனும் கண்ட வேக வேறுபாட்டையும் சோதித்துப் பார்க்கலாம். வித்தியாசம் ஒரு நாளைக்கு அரைப் பாகை அளவே என்பதால் கவனமாக அளக்க வேண்டும்; பல நாள், பல புள்ளிகளின் சராசரி எடுக்க வேண்டும்.

சைன் அட்டவணை ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே வருகிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் சேலம், நாமக்கல் பகுதிக்கு, நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும் நிழலில்லா நாள் வருகிறது. அன்று குச்சி நட்டு நிழலை அளக்கும் பள்ளிகள் ஏற்கெனவே பல உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் அதற்குத் துணை நிற்கின்றன. அந்த ஆசிரியர்கள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்து, ஒரு சூரியப் பதிவேட்டையும் தொடங்கலாம். இறைவணக்கத்துக்கு முன் ஐந்து நிமிடம், ஒரு தாள், ஒரு பென்சில். ஒரு வகுப்பு முடித்துப் போகும்போது அடுத்த வகுப்பிடம் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

காலம் தாழ்த்தவும் கூடாது. புள்ளிகளின் 11 ஆண்டு ஏற்ற இறக்கங்களில் 25ஆவது என்று எண்ணப்படுவது 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்சத்தைத் தொட்டுவிட்டது. புள்ளிகள் இனி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். 2030ஐ ஒட்டி, ஒரு புள்ளிகூட இல்லாத நாட்கள் பல வரும் என்று எதிர்பார்க்கலாம். அளக்க நினைக்கும் பள்ளிகள் வரும் டிசம்பரிலேயே தொடங்கிவிட வேண்டும்.